துணைக்கு வந்த மச்சான்

எனக்கு இல்லாத நோய்க்கு மருத்துவரைத் தேடிப் போனதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சிதம்பரத்து நரம்பியல் மருத்துவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் படித்தேன். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்குமாம்; காலையில் நன்றாக இருப்பவருக்கும் மாலையில் இமை தொங்குமாம். எனக்கும் அதுதான் என்று முடிவு செய்தேன். இருபது நாள் காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்று, ஸ்கேலால் இமையை அளந்து டைரியில் எழுதினேன்.

பிறகு மனைவியின் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். டைரியைப் படித்துக் காட்டும்போதே அவர் கண் செருகியது.

“நான் பேசினாலே தூங்கிடுற மச்சான்.”

“தூங்கல மாமா, கேட்டுக்கிட்டுதான் வரேன்.”

மருத்துவர் டைரியைப் பொறுமையாகப் படித்து, என்னைச் சோதித்து, “உங்களுக்கு ஒண்ணுமில்ல சார்” என்றார். எனக்குச் சற்று ஏமாற்றம். உடனே மச்சானிடம் திரும்பி, “நீங்க கொஞ்ச நேரம் மேலயே பாருங்க” என்றார். ஒரு நிமிடத்தில் மச்சானின் இடது இமை தானாக இறங்கியது.

“எத்தனை நாளா இப்படி?”

“ஆறு மாசமா மேடம். சாயங்காலத்துல மாமா பேசுறதால வருதுன்னு நெனச்சேன்.”

அந்த ஆறு மாதமும் அவரைச் சோம்பேறி என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ரத்தப் பரிசோதனை அந்த நோய்தான் என்று உறுதிசெய்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் மூச்சுவிடும் தசைகளும் சோர்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர். மாத்திரையில் மச்சான் இப்போது நன்றாக இருக்கிறார்.

“இப்பதான் முழுசா கேக்குறேன். ஜாஸ்தியாத்தான் பேசுறீங்க மாமா” என்றார் நேற்று. முன்பென்றால் கோபம் வந்திருக்கும். அவர் கண்கள் திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.