ஒரு கட்டை இறங்கிய பியானோ

கள்ளக்குறிச்சி மாவட்டப் பியானோ தொழில்நுட்பர் சங்கத் தலைவர் காசிநாதன் அதுவரை பியானோவைத் தொட்டதில்லை. இதைக் குறையென்று சொல்லலாகாது. அவர் ஆர்மோனியம் பழுது பார்ப்பவர். மகள் கல்யாணப் பத்திரிகையில் தம் பேருக்குக் கீழே 'ஆர்மோனிய ரிப்பேர்' என்று போட்டால் எடுப்பாக இராதென்றுதான் சங்கம் கண்டார். செயலாளர் மலர்விழி, சென்னையில் பியானோக் கடையில் வேலை பார்த்தவர். பொருளாளர், காசிநாதனின் மனைவி குஞ்சம்மாள். இந்தச் செய்தி குஞ்சம்மாளுக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

சங்கத்தின் ஆளுகைக்குட்பட்ட ஒரே பியானோ மலைமேல் கரியாலூரில், ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தது. தலைமையாசிரியை தேவிப்ரியா போன் செய்தார்.

"பியானோவுல ஒரு கட்டை எறங்கிப்போச்சுங்க. நாளைக்கு ஆண்டு விழா. உங்களால ஆகலன்னா சேலத்துல ஒருத்தர் இருக்காரு."

சேலத்துக்காரர் மலையேறிவிட்டால், பியானோ இல்லாத பியானோ சங்கமாகிவிடும். ஆடு இல்லாத ஊரில் ஆட்டுச் சந்தை நடத்துவதற்குச் சமம். பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஆகவே சுருதி ஒரு கட்டை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு தலைவர் செயலாளரோடு பஸ் ஏறினார்.

"தலைவரே, மொதல்ல வாசிச்சுப் பாக்கலாமே?" என்றார் மலர்விழி.

"நோவு இன்னான்னு அவங்களே சொல்லிட்டாங்க. நாம இன்னாத்துக்கு நாடி புடிச்சிக்கினு?"

பகல் முழுக்க ஒவ்வொரு கம்பியாக முறுக்கி, சுருதியை ஒரு கட்டை ஏற்றினார்கள். நடுவில் ஒரு கம்பி படீரென்று அறுந்தது. "கோவக்காரக் கம்பி," என்று தலைவர் அதை மன்னித்தார்.

சாயங்காலம் தேவிப்ரியா வந்து, நடுவில் பொக்கைப் பல்போல அமுங்கிக் கிடந்த ஒரு கட்டையைத் தொட்டுக் காட்டினார். "இது இன்னும் எறங்கியேதானங்க கெடக்குது?"

அவர் சொன்னது, விரலால் அமுக்குகிற கட்டை. மலர்விழி பலகையைக் கழற்றி, இடுக்கில் சிக்கியிருந்த நாவற்கொட்டையை எடுத்தார். கட்டை துள்ளி எழுந்தது.

"அவ்ளோதானா? அப்ப காத்தாலருந்து இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"அந்த ஒண்ணத் தவிர மத்ததையெல்லாம் ஏத்திட்டோம்மா," என்றார் தலைவர் கம்பீரம் குறையாமல்.

தேவிப்ரியா சேலத்து நம்பரைத் தேடத் தொடங்கினார். அதற்குள் பாட்டு வாத்தியார் ராமசாமி பிள்ளைகளோடு ஒத்திகைக்கு வந்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாட்டை மேடையில் தாமே பாடி முடிப்பது அவர் வழக்கம். ஓய்வுபெற மூன்று வருஷமிருந்த அவரிடம் யார் வாய் திறப்பது?

பியானோ ஒலித்தது. வாத்தியார் பல்லவியை எட்டிப் பிடித்தார், அனுபல்லவியில் தொங்கினார், சரணத்தில் குரல் கீறி, இருமிக்கொண்டே உட்கார்ந்தார். பிள்ளைகளோ அந்த உயரத்தில் குருவிக் கூட்டமாகப் பறந்தார்கள். அவர்கள் குரல் இப்படியிருக்கும் என்பதே பள்ளிக்கு அன்றுதான் தெரிந்தது.

தேவிப்ரியா போனைக் கைப்பைக்குள் போட்டார்.

"ஐயா, ஒரு கட்டை எறக்கிக் குடுத்துடுங்களேன்," என்று வாத்தியார் கெஞ்சினார்.

காசிநாதன் தலைமையாசிரியையைப் பார்த்தார். வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாளின் தலை, கோயில் மணியின் நாக்குப்போல இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

"முடியாதுங்க சார்," என்றார் தலைவர். "சங்க விதிப்படி, ஏத்துனா ஏத்துனதுதான்."