எதிர்க்காற்றில் றெஜினா

ஆராதனைக்கு முந்திய முதல் மணி ஓயுமுன் றெஜினா சைக்கிளைப் படலைக்கு வெளியே உருட்டிவிடுவார். படலைக்கு நேரெதிரே, றோட்டுக்கு அந்தப்புறம், தேவாலயத்தின் கேற். பாடகர் குழு ஒத்திகைக்காக உள்ளே போய்க்கொண்டிருக்கும். றெஜினா பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி முன்கூடைக்குள் வைப்பார். சேலைக்கரையைத் தூக்கி இடுப்பில் செருகுவார். யாருக்கும் முகம் கொடுக்காமல் இடது பக்கம் திரும்பி உழக்கத் தொடங்குவார். அவரும் கோயிலுக்குத்தான் போகிறார். அந்தக் கோயிலுக்கு இல்லை, அவ்வளவுதான்.

வட்டுக்கோட்டைக்குக் கிட்டிய ஊர். பெயரை எழுதவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "எழுதினால் இஞ்சத்தை ஆக்கள் வாசிப்பினம். நான் கதையாத ஆக்கள் என்னைப்பற்றி ஏன் வாசிப்பான்?"

தொழில் கேக் செய்வது. கணவர் கிளரன்ஸ் காலமானபின் அந்த வருமானத்தில்தான் மகள் நிஷானியைப் படிப்பித்தார். பிறந்தநாள் கேக், டிசெம்பரில் நத்தார் கேக், மூன்று தட்டுக் கலியாணக் கேக், எல்லாம் அவருடைய பழைய லேடீஸ் சைக்கிளின் கரியரில்தான் ஊர் ஊராகப் போகும். ஐசிங்கில் ஒரு ரோசாப்பூ இதழ் உதிராது. எந்த ஒழுங்கையில் எந்த மதகடியில் பள்ளம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரியரில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் பின்னால் ஒரு கேக் இருக்கிறது என்ற பாவனையில் மெல்லத்தான் ஓடுவார். பஸ்காரர் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போய், இப்போது பேசாமல் பின்னால் வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள்காரருக்கு மலை கிடையாது. ஏற்றமும் இறக்கமும் காற்றுத்தான். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். றெஜினாவுக்கு ஒரேயொரு சட்டம். "போகேக்கை எதிர்க்காத்து, வரேக்கை பின்காத்து. போகேக்கை பாவத்தைச் சுமந்துகொண்டு போறம், கஷ்டப்படத்தானே வேணும். வரேக்கை பாரம் இல்லை." ஆகவே சோளகக் காலத்தில் அராலி, அல்லது பொன்னாலைப் பாலம் கடந்து காரைநகர். வாடைக் காலத்தில் சண்டிலிப்பாய், உடுவில், தெல்லிப்பழை. கால் இடம் கொடுத்தால் காங்கேசன்துறை. மெதடிஸ்த சபையா, அங்கிலிக்கன் சபையா, அமெரிக்க மிஷன் கட்டிய கோயிலா என்பதையெல்லாம் காற்றே தீர்மானித்துவிடும்.

ஒவ்வொன்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறார். ஓரிடத்தில் இருக்கிற வாங்குப் பலகைகளுக்கு முதுகு இல்லை, ஆனால் பிரசங்கம் சின்னன். இன்னோரிடத்தில் முருகைக்கல் சுவர் இரண்டு முழம் தடிப்பு, பங்குனி வெயிலிலும் உள்ளே குளிரும். கத்தோலிக்கக் கோயிலுக்கும் ஒருமுறை போனார். "நல்ல கோயில். ஆனா எழும்பி, இருந்து, முழந்தாளிலை நிண்டு... அதுவும் சைக்கிள் ஓடினதும் ஒண்டுதான்." சங்கானையில் ஒல்லாந்தர் காலத்துக் கோயிலொன்று கூரையில்லாமல் வெறும் சுவராக நிற்கிறது. முழங்கால் நோகிற நாளில் அதற்குள் போய்ச் சைக்கிளைச் சாத்திவிட்டு, கல்லொன்றில் இருந்து, கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவார். "அங்கை பிரசங்கமும் இல்லை, பாடகர் குழுவும் இல்லை" என்று அதற்கு நற்சாட்சியும் கொடுக்கிறார்.

பாடகர் குழு என்றதும் குரல் கொஞ்சம் தடிக்கும். வீட்டுக்கு முன்னால் இருக்கிற அந்தக் கோயிலில், கலியாணம் கட்டி ஊருக்கு வந்த காலம்தொட்டு இரண்டாம் குரல் பாடியவர் றெஜினா. குழுவை இப்போது நடத்துபவர் தேவகுமாரி, கிளரன்சின் தங்கை, றெஜினாவுக்கு மச்சாள். மூன்று வருடத்துக்கு முன், நத்தார்ப் பாட்டு ஒத்திகையில், எல்லாருக்கும் முன்னால் தேவகுமாரி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "குறை நினையாதேங்கோ மச்சாள், இந்தமுறை நீங்கள் சத்தம் விடாமல் வாயை மட்டும் அசையுங்கோ." றெஜினா புத்தகத்தை மூடி, கதிரையில் வைத்து, வெளியே வந்து, றோட்டைக் கடந்து வீட்டுக்குப் போனார். அந்தக் கேற்றைத் திரும்பத் தாண்டினால் தன் பெயர் றெஜினா இல்லை என்று அன்றைக்கே அறிவித்தாயிற்று.

தேவகுமாரி சொன்னது பொய்யில்லை. வயது போகப் போக றெஜினாவின் குரல் உடைந்து, சுருதியை விட்டுச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. அது றெஜினாவுக்கும் தெரியும். பொய்யென்றால் சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம். உண்மையாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. பிறத்தியார் கோயில்களில் கடைசி வாங்கில் இருந்து கூரை அதிரப் பாடுகிறார். எவ்வளவோ தூரம் எதிர்க்காற்றில் உழக்கி வந்த மனுசியிடம் எந்தச் சபையும் சுருதி கேட்காது.

இப்படியே காலம் போயிருக்கும். இந்தத் தை மாதம் நிஷானிக்குக் கலியாணம் பொருந்தியது. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபையில் வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்பது அவர்கள் வழக்கம். கலியாணத்தன்று தகப்பன் பெண்ணைக் கைபிடித்து நடத்திக்கொண்டுபோய், பீடத்தடியில் மாப்பிள்ளையிடம் கையளிக்கவேண்டும். நிஷானி ஒரு பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா இல்லை. என்னைக் கையளிக்கிறது ஆர்?"

"இதென்ன கேள்வி? நான்தான்."

"எங்கை வைச்சு?"

றெஜினா முட்டை அடிப்பதை நிறுத்தவில்லை. "கேற்றடி மட்டும் வருவன். அங்காலை நீ நட."

"அப்ப கேற்றடியிலையிருந்து தேவி மாமி கூட்டிக்கொண்டு போவா. கேட்டனான். ஓமெண்டிட்டா." வங்கியில் வேலை செய்கிற பிள்ளை. குரலை உயர்த்தாமலே எதையும் சொல்லி முடித்துவிடும். "மூண்டாம் அறிவித்தல் அண்டைக்குப் போதகரிட்டைப் பேர் குடுக்கவேணும். அதுக்கிடையிலை சொல்லுங்கோ."

அன்று அடித்த முட்டை தேவைக்கு மேலாகப் பொங்கி, கேக் நடுவில் அமர்ந்துபோயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேக்கை வீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள்.

முதலாம் அறிவித்தலன்று றெஜினா உடுவிலில் இருந்தார். இரண்டாவதன்று தெல்லிப்பழையில். இரண்டு இடத்திலும் வழமைக்கு மேலான சத்தத்தில் பாடியதாகக் கேள்வி.

மூன்றாம் ஞாயிறு வாடை உரத்து வீசியது. காங்கேசன்துறைக்கு என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். சண்டிலிப்பாய் றோட்டில் அருளம்பலம் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். திருநீற்றுக் குறியோடு, ஞாயிறு தவறாமல் றெஜினாவை மறித்துக் கேட்கிற ஒரே மனிதர்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு எந்தக் கோயில்?"

"காங்கேசன்துறை, அண்ணை."

"உந்தக் காத்துக்கையோ! உங்கடை வாசலிலை ஒண்டு கிடக்குது, அது பழுதே?"

"கோயில் நல்லம் அண்ணை. உள்ளுக்கை இருக்கிற ஆக்கள்தான்."

"எங்கடை கோயிலிலையும் உதுதான்" என்ற அருளம்பலம், வாய்க்காலை மண்வெட்டியால் அடுத்த வரிசைக்குத் திருப்பினார். "மேளுக்குக் கலியாணமாம். உங்கடை ஆக்களிலை தேப்பன் இல்லையெண்டா பெட்டையை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"தாய்தான்" என்றார் றெஜினா.

"அதுதானே முறை."

றெஜினா அடுத்த றோட்டு முடக்குவரை உழக்கினார். சொன்ன சொல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. புதுக் கூறைச்சேலையில் நிஷானியும், அவள் கையைப் பிடித்தபடி தேவகுமாரியும், ஊர் முழுக்கப் பார்த்திருக்க நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. தேவகுமாரி அன்றைக்கு எந்தச் சேலை உடுப்பார் என்பதுகூடத் தெரிந்தது. மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் பிறகு நடந்ததற்கு யாரும் பெயர் வைக்கவேண்டாம், அவரும் வைக்கவில்லை. பிரேக்கைப் பிடித்து, சைக்கிளைத் தூக்கித் திருப்பி, பின்காற்றில் ஏறினார். கேக் இல்லாத கரியர் பள்ளங்களில் தடதடவென்று அடிக்க அடிக்க அவர் பறந்ததை அருளம்பலம் மண்வெட்டியோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுப் படலை திறந்துதான் கிடந்தது. சைக்கிளை அங்கே விட்டுவிட்டு றோட்டைக் கடந்திருக்கலாம். றெஜினா அப்படிச் செய்யவில்லை. சைக்கிளோடு கேற்றுக்குள் போய், வேம்பின் கீழ் நிறுத்தி, பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டு, கூடையிலிருந்த புத்தகங்களை எடுத்து, வியர்வையைத் துடைத்து, கடைசி வாங்கில் போய் இருந்தார். ஆராதனையில் போதகர் அறிவித்தல் பகுதிக்கு வந்திருந்தார். நிஷானியின் பெயரை வாசித்தார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை.

"இண்டைக்குப் புதிதாய் எங்களோடு ஆராதிக்க வந்திருப்பவர்கள் எழுந்து, பெயரையும் ஊரையும் சொல்லுங்கோ" என்றார் போதகர்.

மூன்று வருடம் பிறத்தியார் கோயில்களில் இந்தக் கேள்விக்கு எழுந்த பழக்கம். யோசிக்குமுன் கால்கள் எழுந்துவிட்டன. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இனி இருக்கவும் முடியாது.

"றெஜினா கிளரன்ஸ்" என்றார். பிறகு, வேறு வழியில்லாமல், "முன்வீடு."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நிஷானி மட்டும் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. போதகர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "மிச்சம் சந்தோஷம். அடிக்கடி வாங்கோ" என்றார். "இப்ப பாடகர் குழுவோடு சேர்ந்து எல்லாரும் பாடுவம்."

குழு எழுந்தது. தேவகுமாரி கையை உயர்த்தினார். கை இறங்கவில்லை. குழுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடைசி வாங்கைப் பார்த்தபடி, உயர்த்திய கையோடு அப்படியே நின்றார். ஓர்கன்காரரின் விரல்கள் கட்டைகளின்மேல் காத்திருந்தன. சபை தொண்டையைக் கனைத்தது. றெஜினா கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். சேலைத் தலைப்பால் ஒரு பக்கத்தைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மற்றப் பக்கத்தையும் துடைத்தார். தேவகுமாரி உயர்த்திய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டார். றெஜினா கண்ணாடியை மாட்டி, புத்தகத்தில் பக்கத்தைத் தேடி எடுத்து, தொடங்கலாம் என்று தேவகுமாரிக்குத் தலையை ஆட்டினார்.