வெள்ளையம்மாளுக்குக் கடல் தெரியற ரூம்

ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் இருக்கிற வெள்ளையம்மாள் வீட்டு மாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரியும். ஆனால் அந்த மாடி அறையில் நம் ஊர்க்காரர் ஒருவர்கூடத் தங்கியதில்லை. வெள்ளையம்மாள் விட்டதில்லை. அடி அண்ணாமலையில் பிறந்த அவள், எண்பத்தொன்பதாம் வருஷம் புருஷன் முருகையனை நச்சரித்து அந்த மாடியைக் கட்டவைத்தாள். கட்டி முடித்த கையோடு இங்க்ரிட் என்ற ஜெர்மன்காரி வந்து தங்கினாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வந்துவிடுவாள்.

யார் போன் செய்து ரூம் கேட்டாலும் வெள்ளையம்மாள் முதலில் கேட்பது ஒன்றுதான். "வர்றது யாரு? நம்மாளுங்களா, வெள்ளக்காரங்களா?"

நம்மாளுங்க என்றால் கீழே, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ரூம். அதற்குக் காரணமும் கைவசம் இருந்தது. "நம்மாளுங்க ஜன்னல்ல துணி காயப்போடுவாங்க. ஊறுகா பாட்டில வெச்சி கட்டிலெல்லாம் எண்ணெ பண்ணிடுவாங்க." கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சொந்த நாத்தனாருக்கே தொட்டி ரூம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாத்தனார் பேசிவிட்டுப் போன பேச்சு தெரு முழுக்கக் கேட்டது.

இங்க்ரிட் மாதக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்து அமைதி தேடுவாள். தேடிக் களைத்ததும், அந்தக் களைப்புத் தீர மாமல்லபுரம் போய்விடுவாள். அங்கே ஒரு லாட்ஜில் கடல் தெரிகிற அறையில் படுத்துக்கொண்டு, காபியைக் கட்டிலுக்கே வரவழைத்துக் குடிப்பாளாம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வெள்ளையம்மாளுக்கும் ஆசை வந்துவிட்டது. வந்தவர் போனவர் படுக்கைக்கெல்லாம் விரிப்பு மாற்றியவள், பிறர் விரித்த படுக்கையில் ஒரு நாளும் படுத்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் வேர்க்கடலைதான், கடலைப் பார்த்ததில்லை.

"ஏங்க, ஒரே ஒரு வாட்டி கடல் தெரியற ரூம்ல உக்காந்து, வேற எவனாவது கொண்டாந்து குடுக்கற காபிய நான் குடிக்கணும்" என்றாள்.

முருகையன் அவள் பேச்சைத் தட்டுகிற ஆளில்லை. தொண்ணூற்றெட்டு வெயில் காலத்தில் அந்த லாட்ஜுக்கே போன் போட்டார். "திருவண்ணாமலையிலேர்ந்து பேசறங்க. வெள்ளையம்மா வராங்க. கடல் தெரியற ரூமா வேணும்."

"வெள்ளையம்மாவுங்களா? தாராளமா வரட்டும் சார்!" என்றான் மேனேஜர் வேணு.

இருவரும் போய் இறங்கியபோது வேணு வாசலிலேயே சிரித்த முகமாக நின்றான். அவளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தான். "வெள்ளையம்மா பின்னால வராங்களா?"

"நான்தாம்பா வெள்ளையம்மா."

வேணு அவளை மேலும் கீழும் பார்த்தான். கறுத்த முகம், மஞ்சள் தேய்த்த கை, பையிலிருந்து தலை நீட்டும் ஊறுகாய் பாட்டில். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அந்த ரூம் ஃபாரின்காரங்களுக்குன்னு வெச்சிருக்கறதும்மா. பின்னாடி நல்ல ரூம் இருக்குது."

"ஏன், நாங்க படுத்தா கட்டில் ஒடஞ்சிடுமா?"

"அதில்லம்மா. நம்மாளுங்கன்னா ஜன்னல்ல துணி காயப்போடுவாங்க. அப்புறம் ஊறுகா..." பாட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சண்டைக்குப் பேர்போன வெள்ளையம்மாள் வாயைத் திறந்தாள். அவனுக்குக் கொடுக்க வேண்டிய பதிலெல்லாம் நாத்தனார் இவளுக்குக் கொடுத்த பதிலாகவே நாக்கில் வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிரே தண்ணீர்த் தொட்டி. முருகையனுக்கு வந்த சிரிப்பு, அவள் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாறியது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனார்கள். தெருவெல்லாம் காஷ்மீர் சால்வைக் கடை. அந்தப் புழுக்கத்தில் அதை யார் போர்த்துவார்களோ! கடைகளில் பிள்ளையார்கூட விமானத்தில் ஏற்றுகிற அளவுக்குச் சின்னதாகிவிட்டிருந்தார். ஓட்டல் பலகையில் ஜெர்மன் பாஷை இருந்தது, இட்லி இல்லை. தன் தெருவையே தூக்கி வந்து இங்கே வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆனால் கடல் முன்னால் நின்றதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பெரிசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஜன்னலுக்கு இத்தனை பிகுவா என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நம்ம மல பரவால்லங்க, சத்தம் கம்மி" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் காபி வந்தது. ஆறிப்போயிருந்தது.

ஊர் திரும்பியதும் வேணுவைத் திட்டாத நாளில்லை. அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் ஒரு நாள் போன் அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து யாரோ ஒரு பெண்.

"பௌர்ணமிக்கு மல தெரியற ரூம் ஒண்ணு வேணுங்க்கா."

"வர்றது யாரு? நம்மாளுங்களா, வெள்ளக்காரங்களா?" வெள்ளையம்மாளின் வாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது.

அந்தப் பக்கம் எங்கோ ஓர் ஆடு மட்டும் கத்தியது. நாத்தனார் ஊராயிற்றே, இந்த வீட்டுச் சங்கதி அங்கே யாருக்குத் தெரியாது?

"வெள்ளக்காரங்கதாங்க்கா" என்றாள் அந்தப் பெண், துணிந்து. "எங்க நாத்தனாரு முழுகாம இருக்கா. அவ்ளோ தூரம் கிரிவலம் சுத்த முடியாது. ஜன்னல்லேர்ந்தாவது மலைய பாக்கட்டும்னு..."

வெள்ளையம்மாள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய மாடிச் சாவியை எடுத்தாள்.

"வாங்கம்மா. வெள்ளக்காரங்களுக்குத்தான் அந்த ரூமே" என்றாள். "ஊறுகா பாட்டிலுக்குக் கீழ மட்டும் ஒரு தட்டு வெச்சிக்குங்க."