திரைக்காரருக்குத் தெரிஞ்சவங்க

என் வீட்டுக்காரருக்கு ஊர்ல தெரியாத ஆளே கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்குவார். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைச்சு மாட்டுறது எங்க தொழில். நான் தைப்பேன், அவர் மாட்டுவார். பெரிய பெரிய ஆபீசருங்க வீட்டு ஜன்னல் அளவெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஆபீசருங்களுக்கு இவரைத் தெரியுமாங்கறது வேற விஷயம். அதைக் கேட்டா, "உனக்கென்ன தெரியும்? போய் மிஷினைப் பாரு"ன்னு வள்ளுன்னு விழுவார்.

போன்ல அவர் நம்பர் போட்டு வச்சிருக்கிற அழகே தனி. ஆள் பேர் இருக்காது, பதவியும் அவங்க வீட்டுத் திரையும்தான். "போலீஸ் ஐயா, நீலப் பூ." "ஆஸ்பத்திரி மேனேஜர், ரெண்டு அடுக்கு." "இன்சூரன்ஸ் சார், பச்சைக் கோடு." குழாய் உடைஞ்சாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் பேசவே மாட்டார். "அதெல்லாம் நாதியத்தவங்களுக்குடி. நமக்குத்தான் ஆள் இருக்காங்களே"ம்பார். அந்த ஆளுங்க வர்றதுக்குள்ள கரண்ட் தானா வந்துடும். உடனே, "பார்த்தியா?"ன்னு என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

அதுலயும் அவசர நம்பர் மேல அவருக்குத் தனிக் கோபம். போன வருஷம் கடை வாசல்ல நிறுத்தியிருந்த எங்க ஸ்கூட்டர் கண்ணாடியை ஒரு கார்க்காரன் ரிவர்ஸ் எடுக்கும்போது உடைச்சுட்டான். இவர் நேரா அவசர நம்பரை அடிச்சார். "யாருக்காவது அடிபட்டிருக்கா சார்?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுது. "என் கண்ணாடிக்கு"ன்னார். "ஆளுக்கு அடிபட்டாத்தான் சார் இந்த நம்பர். வண்டிக்கு மட்டும்னா ஸ்டேஷன் நம்பருக்குச் சொல்லுங்க, லைனை விடுங்க"ன்னு வச்சுட்டுது. நியாயமாத்தானே சொல்லுச்சுன்னு நான் வாயைத் திறந்தேன், தொலைஞ்சேன். மனுஷன் சாப்பிடலை. "மரியாதை தெரியாத நம்பர். செத்தாலும் இனிமே அதைத் தொட மாட்டேன்"னு சபதம் போட்டார். வாய் முகூர்த்தம்னு சொல்லுவாங்களே, அது இதுதான்.

அதுக்கப்புறம் ஒரு மத்தியானம், ஆபீசர் ஒருத்தர் வீட்டுக்கு மாட்டுறதுக்காகச் சந்தனக் கலர் திரையை மடியில வச்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல பின்னால உட்கார்ந்து போயிட்டிருந்தேன். முக்குல ஒரு வேன் இண்டிகேட்டர் போடாம சடார்னு திரும்புச்சு. அவ்வளவுதான். நான் ஓரமா உருண்டேன், முழங்கை தேஞ்சதோட சரி. இவர் நடு ரோட்டில கிடந்தார். கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்துது. தொடையிலிருந்து ரத்தம் குபுகுபுன்னு வருது. வேன்காரர் இறங்கி வந்து வண்டிச் சாவியைக் கையில பிடிச்சபடி நின்னார்.

நான் எழுந்து அவர்கிட்ட ஓடினேன். இவரோ படுத்தபடியே போனை எடுக்கிறார்! "நீ பதறாதே, நான் பேசிக்கிறேன்"ங்கறார்.

முதல் போன் போலீஸ் ஐயாவுக்கு. "ஐயா, நான் திரைக்காரன், உங்க ஹால்ல நீலப் பூப் போட்டது..."ன்னு விலாவாரியா ஆரம்பிச்சார். "அப்புறம் பேசறேன்"னு அந்தப் பக்கம் கட். அடுத்தது இன்சூரன்ஸ் சார். அவர் நல்லவர், யோசனை சொன்னார். வண்டியை நகர்த்தாம நாலு பக்கமும் போட்டோ எடுக்கணுமாம். இந்த மனுஷன் அதைக் கேட்டுட்டு என்கிட்ட, "போட்டோ எடுடி"ங்கறார்! என்னத்தைச் சொல்லி அழ? மூணாவதா ஆஸ்பத்திரி மேனேஜர். மணி அடிச்சுக்கிட்டே இருந்துது. "மீட்டிங்ல இருப்பார். கூப்பிடுவார் பாரு"ன்னார். அதைச் சொல்லும்போதே குரல் கம்மிப் போச்சு, உதடெல்லாம் வெளுத்துப் போச்சு.

"நாசமாப் போக உங்க மீட்டிங்!"னு போனைப் பிடுங்கி என் பையில போட்டேன். என் போன்ல அவசர நம்பரை அடிச்சேன்.

"அந்த நம்பருக்கா பேசறே? அவங்க மதிக்க மாட்டாங்கடி"ன்னு முனகினார்.

உடனே எடுத்தாங்க. எந்த இடம், எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கா, மூச்சு விடறாரான்னு வரிசையாக் கேட்டாங்க.

"நல்லாவே விடறார். என்னைத் திட்டிக்கிட்டிருக்கார்"ன்னேன்.

"சரிம்மா. அவரை நகர்த்தாதீங்க. சுத்தமான துணியை ரத்தம் வர்ற இடத்துல வச்சு அழுத்திப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. ஆம்புலன்ஸ் கிளம்பியாச்சு, போலீசுக்கும் நாங்களே சொல்லிடறோம்."

நடுத்தெருவுல சுத்தமான துணிக்கு எங்கே போறது? திரையோட உறையைக் கிழிச்சேன்.

"ஐயோ, அது ஆபீசர் வீட்டு ஆர்டர்!"

"ஆபீசர் கொஞ்ச நாள் வெயில்ல காயட்டும்"னு சொல்லி, மடிச்சு வச்சு அழுத்தினேன். வேன்காரருக்கு அப்பத்தான் உயிர் வந்துது. அவரும் மண்டி போட்டு என் கையோட கை வச்சு அழுத்தினார். அந்த ஒரு காரியத்துக்காக அவரைத் திட்டுறதைப் பாதியில நிறுத்தினேன்.

ஆம்புலன்ஸ்ல வந்தவங்க, நீங்க யாருக்கு வேண்டியவங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை. கட்டுப் போட்டு, ஏத்திக்கிட்டுப் பறந்தாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர், "இன்னும் தாமதிச்சிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்மா. உடனே ஆபரேஷன் பண்ணணும்"னு சொல்லிட்டு இவரை உள்ளே கொண்டு போனார். நான் வெளியே பெஞ்சுல உட்கார்ந்தேன். கையெல்லாம் ரத்தம் காய்ஞ்சு இழுக்குது.

பையில அவர் போன் அடிச்சுது. போலீஸ் ஐயா! பரவாயில்லையே, பேசிட்டாரேன்னு எடுத்தேன். "யாரு, திரைக்காரனா? ஹால் திரையில ஒரு வளையம் கழண்டிருக்கு. நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லு"ன்னார். வர்றாருன்னு சொல்லி வச்சேன். வேற என்னத்தைச் சொல்ல?

கொஞ்ச நேரத்துல என் போன் அடிச்சுது. தெரியாத நம்பர்.

"ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசறேன்மா. இங்கே ஒருத்தரை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் போறாங்க. அவசரம்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்டோம். எந்த நம்பரும் ஞாபகம் இல்லைன்னார். இந்த ஒண்ணைத்தான் தப்பில்லாம சொன்னார். பயப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னார். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கதவைத் திறம்மா. வெளியேதான் உட்கார்ந்திருக்கேன்"னேன். அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் வராம கல்லு மாதிரி இருந்தவ, போனைக் காதுல வச்சபடியே ஓன்னு அழுதேன்.