சின்னப்பாப்பா ஸ்டீரிங் பிடித்தது

சின்னப்பாப்பாவின் புருசன் இருசப்பனிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. மரக்காணம் உப்பளங்களில் மூட்டை ஏற்றி, பெருமுக்கல் வழியாகத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது அவன் தொழில். உப்பு சுமக்கிற வண்டிக்கு என்ன ஆகுமோ அது இதற்கும் ஆகியிருந்தது. கதவின் அடிப்பகுதி துருப்பிடித்து உதிர்ந்துபோய், உள்ளே உட்கார்ந்தால் கால் பக்கத்தில் ரோடு ஓடுவது தெரியும். ஆனால் வண்டிக்குப் பேர் வாங்கித் தந்தது ஸ்டீரிங்தான். அதைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேரும். நேர் ரோட்டில்கூட இருசப்பன் மாவு சலிக்கிறவனைப் போல இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே போவான். வண்டியும் ஆடிக்கொண்டே போகும். ஊரில் அதற்குக் 'கரகம்' என்று பேர். இருசப்பனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இந்த வண்டியை வேறு ஒருத்தன் ஓட்டிவிட முடியுமா என்று பெருமையாகத்தான் கேட்பான்.

சின்னப்பாப்பா உப்பளத்தில் கூடை தூக்குகிறவள். எட்டாவது வரை படித்தவள். நெட்டையான உடம்பு, எட்டி வைத்து நடப்பாள். அதிகம் பேசமாட்டாள். பேசிவிட்டால் அதை மாற்றமாட்டாள்.

சுனாமி வந்துபோனதற்கு அடுத்த கோடையில், கீழ்புத்துப்பட்டில் அவள் தங்கை பிள்ளைக்குக் காது குத்தினார்கள். விருந்து முடிந்து இருவரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே சென்னை பஸ் ஒன்று வேகமாகக் கடந்தது. அந்தக் காற்று இடித்ததில் வண்டி ஒதுங்கியது. இருசப்பன் ஸ்டீரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுழற்றினான். வண்டி ரோட்டை விட்டு மணலில் இறங்கி, சவுக்குத் தோப்பின் முதல் மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

இருசப்பன் சிரித்தான். இது வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறதுதான் என்று சமாதானம் சொன்னான். சின்னப்பாப்பா புடவையை உதறிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"இந்தாய்யா, இத ரிப்பேர் பண்ணாம இனிமே இதுல நான் ஏற மாட்டேன். நீயும் ஏறக் கூடாது."

சொல்லிவிட்டு நடந்தாள். அவன் அவளுக்குப் பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு, வெயிலைச் சொல்லி, ஜனங்கள் பார்ப்பதைச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு வந்தான். அவள் பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். இருசப்பன் வீட்டுக்கு வந்தபோது அவள் உலை வைத்திருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் மெக்கானிக் அந்தோணிசாமியின் ஷெட்டில் நின்றார்கள். வழக்கம்போல ஸ்டீரிங் பாக்ஸ் மேலே இருக்கிற ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டால் போதும் என்றான் இருசப்பன். முறுக்கி முறுக்கி ஸ்டீரிங் இறுகியதுதான் மிச்சம், ஆட்டம் போகவில்லையே, அப்படியானால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது என்றார் அந்தோணிசாமி. ஒருவர் மேலே உட்கார்ந்து ஆட்ட வேண்டும், அவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். இருசப்பன் ஏறப் போனான். அவர் தடுத்தார். பழக்கதோஷத்தில் அவன் பெரிதாகச் சுற்றிவிடுவான், சின்னதாக ஆட்டினால்தான் எது அசைகிறது என்று தெரியும் என்றார்.

"தங்கச்சி, நீ ஏறு. தொட்டில் ஆட்டுற மாதிரி லேசா ஆட்டு. போதும்."

இப்படித்தான் சின்னப்பாப்பா முதல்முறையாக ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவள் ஆட்டினாள். அந்தோணிசாமி இருசப்பனையும் அடியில் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினார். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்குப் பதிலாக, ஸ்டீரிங் பாக்ஸே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்ந்த இடத்தில் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளை உப்பு தின்றிருந்தது. அங்கே சேசிஸில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சக்கரத்தின் பக்கம் இருக்கும் பால் ஜாயிண்டுகளோ ஆடுகிற பல்லைப் போல இருந்தன.

இருசப்பன் எழுந்து வந்து முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல் நின்றான். "பாப்பா, இத்தினி நாளும் அம்மன்தான் வண்டி ஓட்டியிருக்குது" என்றான்.

அந்தோணிசாமி வெடிப்பைப் பற்றவைத்து, மேலே கனமான பிளேட் கொடுத்து, புது போல்ட் போட்டு, ஜாயிண்டுகளை மாற்றி, முறுக்கியிருந்த ஸ்க்ரூவையும் அளவாகத் தளர்த்தினார். சக்கரங்களை நேர் பார்த்துக் கட்டினார். இப்போது ஸ்டீரிங்கைத் தொட்டால் சக்கரம் அசைந்தது.

அடுத்த நாள் முதல் லோடுக்கு இருசப்பன் உப்பளத்துக்குள் வண்டியை விட்டான். வரப்பு ரோட்டில் ஒரு வளைவு. கை பழைய கணக்கில் கால் சுற்று சுற்றியது. வண்டி துள்ளி வலப்பக்கம் பாய்ந்தது. பதறி இடப்பக்கம் அதே போலச் சுற்றினான். வண்டி வரப்பை உடைத்துக்கொண்டு உப்புப் பாத்தியில் இறங்கி அமைதியாக உட்கார்ந்தது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. கூடையோடு நின்ற பெண்கள் சிரித்துச் சிரித்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். உப்பளக்காரர் சகாதேவன் வந்து பார்த்தார்.

"ஸ்டீரிங் ரிப்பேர் பண்ணிட்டன்னு சொன்னாங்க. எதுக்குப் பண்ண?"

டிராக்டர் வைத்து இழுத்தார்கள். புருசனும் பெண்டாட்டியும் சேற்றை மிதித்து வரப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். இருசப்பன் வாடிப்போயிருந்தான். கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்றான். அவள் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டே, தான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அந்த நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். ஆனால் சாவியைக் கொடுத்தான்.

உப்பளத்துக்கு அப்பால் இருந்த தரிசு மைதானத்தில் கிளட்சும் கியரும் சொல்லிக் கொடுத்தான். வண்டி விக்கி விக்கி நின்றது. கிளப்பினாள், மறுபடி நின்றது. ஆனால் ஓடிய நேரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி ஓடியது. எப்படி என்று அவன் கேட்டான்.

"திருப்பினா திரும்புது. திருப்பாட்டி நேரா போவுது. இதுல இன்னா இருக்குது?"

அதற்கப்புறம் அவள் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் இருசப்பன் தன் வண்டியைப் புதிதாகப் பழகினான். கை பெரிதாகச் சுற்றப் போகும்போதெல்லாம் அவள் தொண்டையைக் கனைப்பாள்.

அடுத்த வருசம் சின்னப்பாப்பா லைசென்ஸ் வாங்கினாள். கூடையை விட்டுவிட்டு, மழை வந்து உப்பளம் மூடுகிறவரை புருசனோடு முறை வைத்து லோடு அடித்தாள். திண்டிவனம் மண்டியில் முதல்நாள் மூட்டை இறக்க வந்தவர்கள் டிரைவர் எங்கே என்று தேடினார்கள். அவள் கீழே இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டு, இறக்குங்க என்றாள். பக்கத்து சீட்டில் இருசப்பன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பெருமுக்கல் தாண்டியதே அவனுக்குத் தெரியாது.