சித்தப்பாவின் வண்டி மலை ஏறியது

எங்கள் வீட்டில் யாரும் சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டார்கள். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, சித்தியை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை என்று இன்றும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். அவர் செய்ததெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளைச் சரிசெய்தது மட்டும்தான்.

சித்தி மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண். நாங்கள் கீழே சமவெளியில், கொழிஞ்சாம்பாறையில் தென்னையும் நெல்லும் வைத்திருப்பவர்கள். சித்தப்பாவுக்கு ஓய்வு கிடைத்தால் வண்டியில் ஊர் சுற்ற வேண்டும். அப்படி மூணாறு போன இடத்தில் சித்தியைப் பார்த்து, பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டார். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் சித்தியையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி, மறையூர் தாண்டிய ஏற்றத்தில் நின்றுவிட்டது. மச்சினன்மார் பிக்கப் கொண்டுவந்து அதைத் தூக்கிப் போட்டு, மாப்பிள்ளையை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். வாசலில் நின்ற சித்தியின் அப்பா, "வாங்க மாப்ள, வண்டிக்கு மூச்சு வாங்கிருச்சாக்கும்?" என்று சிரித்தாராம். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்களாம். அவ்வளவுதான் நடந்தது. இனி இரண்டு பேரையும் மூட்டையையும் இழுத்துக்கொண்டு வண்டி அந்த ஏற்றம் ஏறினால்தான் மாமனார் வாசலை மிதிப்பேன் என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார்.

புது வண்டி வாங்க வசதியில்லை. இருக்கிற இன்ஜினையே குறைந்த செலவில் பலப்படுத்துவது என்று இறங்கினார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பாதி மெக்கானிக் ஆகிவிட்டார். "வேகம் வேற, இழுவை வேற பாப்பா. நமக்கு வேணுங்கறது இழுவை," என்று எனக்குப் பாடம் நடத்துவார். முதலில் பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பல் கூடுதலான ஸ்பிராக்கெட் மாட்டினார். அது போதவில்லை. பொள்ளாச்சியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து பெரிய பிஸ்டன் ஒன்றைப் பொறுக்கி வந்து, அதற்கேற்பச் சிலிண்டரை லேத்தில் குடையக் கொடுத்தார். சோதனை ஓட்டத்துக்குப் பாரம் வேண்டுமல்லவா, பின்னால் நானும் ஒரு புண்ணாக்கு மூட்டையும். எங்கள் ஊரில் மலைக்கு எங்கே போவது? வாய்க்கால் பாலம்தான் மலை. அதில் ஏறி ஏறி இறங்குவோம். இத்தனை பாடும் சித்திக்காகத்தான் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தலைதீபாவளிக்குக்கூடச் சித்தி பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. வண்டி பிரித்துக் கிடந்தது. தனியாகப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். புருஷன் கூட வராமல் போனால், எங்கள் பக்கத்தில் அது கோபித்துக்கொண்டு போனதாகத்தான் அர்த்தம். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள் என்றால் ஊர் இன்னும் நன்றாகவே பேசும். சித்தியின் அப்பாவும் இங்கே வந்ததில்லை. தோட்டத்துச் சம்பந்தத்தை எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து வாங்க என்று கூப்பிட்டதில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் சித்தியின் அண்ணன் போன் செய்தார். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள், மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார். அந்த வாரம்தான் சித்தப்பா பிஸ்டனை மாட்டியிருந்தார். புதிதாக மாட்டிய பிஸ்டன் பழகும்வரை பாரம் ஏற்றி மேட்டில் முறுக்கக் கூடாது. முறுக்கினால் சூடேறி இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அவர் சாயங்காலந்தோறும் பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளி வரை மெதுவாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல போயிருவோமே. அப்பா என்னய தேடுதாகளாம்," என்றார் சித்தி.

"இன்னொரு வாரம் பொறு. இன்ஜின் பழகிட்டா நேரா கொண்டு போய் எறக்கறேன். பஸ்ஸுல போனா, வண்டி என்னாச்சுன்னு கேட்டுச் சிரிப்பாங்க."

சித்தப்பாவிடம் அதிகம் பேசாத அம்மாவே அன்று பொறுக்க மாட்டாமல், "ஏனுங்க தம்பி, பெத்த அப்பனைப் பாக்கறதுக்கு வண்டி எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டார். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அவன் பொண்டாட்டிய எப்பக் கூட்டிட்டுப் போறதுன்னு அவனுக்குத் தெரியும்," என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக எனக்கு அப்பா மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்ஜின் பழகுவதற்குள் சித்தியின் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று மட்டும் வாடகைக் கார் உடனே வந்தது. சாவுக்குப் போக எந்த வண்டியானாலும் பரவாயில்லை போலிருக்கிறது.

கருமாதிக்குத்தான் சித்தப்பா சித்தியை ஏற்றிக்கொண்டு தன் வண்டியை எடுத்தார். திரும்பி வந்ததும் வாசலிலேயே நின்று, மறையூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே இழுத்ததையும், மச்சினன்மார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்ததையும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனதாரச் சந்தோஷப்பட்டார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறெரிகிறது.

நான் அடுக்களைக்கு ஓடினேன். சித்தி பயணத்துக்குக் கட்டிய புடவையை மாற்றாமலே அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"சித்தி, வண்டி எங்கயாச்சும் நின்னுச்சுங்களா?"

"ஒரு எடத்துலயும் நிக்கல பாப்பா. நல்லா ஏறுச்சு," என்றார். சொல்லும்போதே கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

நான் வாசலுக்கு ஓடிப்போய், வண்டி நன்றாக ஏறியதாகச் சித்தியே சொல்லிவிட்டார் என்று சித்தப்பாவிடம் கத்தினேன். சித்தி சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.