சகலையின் தவக்காலச் சிந்தனைகள்

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்கு முன்பே மெக்கானிக்கின் வயிறு எரியத் தொடங்கிவிட்டது. நோன்புப் பசி என்று நினைத்துவிட வேண்டாம். பூசை முடிந்து கோயில் வாசலில் குடையைத் தேடிக்கொண்டிருந்தவரின் காதில் சகலையின் குரல் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

“இந்தத் தவக்காலம் முழுக்க ஃபேஸ்புக்ல தினமும் ஒரு சின்ன சிந்தனை எழுதலாம்னு இருக்கேன். எப்பப் பாத்தாலும் போனைத் திட்டிக்கிட்டே இருக்கோம். நல்லதுக்கும் உபயோகிக்கலாம்ல?”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மாமியாருக்கு வாயெல்லாம் பல். சகலை இந்தப் பக்கம் திரும்பி, “நீங்க இந்த வருஷம் நோன்புக்கு எதை விடப்போறீங்க சகலை?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் சகலை சாதாரணமாகக் கேட்டாலும் மெக்கானிக்குக்கு அதில் ஒரு ஊசி தெரியும்.

“ஃபேஸ்புக்கை” என்றார் மெக்கானிக்.

பக்கத்தில் நின்ற மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கோழிய விடுவீங்கன்னுல்ல நெனச்சேன்?”

கோழியை விட்டுவிடலாம். சகலையின் சிந்தனையைத் தினமும் பார்த்துக்கொண்டு உயிர் வாழ முடியாது. அதற்குத்தான் இந்தத் தியாகம். கடவுளுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு உறுத்தியது. தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

மனைவியைப் பார்த்து, பிடித்து, கட்டிக்கொள்கிறோம். மனைவியின் தங்கைக்கு வரப்போகிறவனை நம்மிடம் யார் கேட்கிறார்கள்? யாரோ ஒருவன் எங்கிருந்தோ வந்து சேர்கிறான். அன்றிலிருந்து சாகும்வரை அவனையும் நம்மையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறார்கள். மெக்கானிக் அந்த வீட்டுக்கு முதலில் வந்தவர். பல வருடம் அங்கே ஒரே மாப்பிள்ளையாக ஆண்டவர். குழாய் ஒழுகினால் அவர், மின்விசிறி முனகினால் அவர். அப்புறம் தங்கைக்குக் கல்யாணமானது. வந்த மாப்பிள்ளை கல்லூரியில் நூலகர். கல்யாண விருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசினார். மாமியார் அழுதார். சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்து அழுதார்கள். அன்றிலிருந்து மெக்கானிக் ‘மூத்த மாப்பிள்ளை’ ஆகிவிட்டார். அதாவது, குழாய் ஒழுகினால் மட்டும் கூப்பிடப்படுகிறவர்.

மாமியார் போனால் போகட்டும் என்று அவர் விட்டிருப்பார். விட முடியாதது வேறொன்று. வேலை முடிந்து கிரீஸ் கையோடு வீட்டுக்குள் நுழையும்போது, மனைவி அடுப்படியில் சாய்ந்து நின்று சகலை எழுதியதைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவர் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டுகூட நின்றாள். சமையல் கரிந்துகொண்டிருந்தது. அதைவிட அதிகமாக இவர் கரிந்தார்.

தொழில் வாஷிங்மெஷின் பழுது பார்ப்பது. இருபது வருடத்துப் பழக்கத்தில் வயிறும் வட்டமாகிவிட்டதால், நண்பர்கள் அவரை ‘டிரம்’ என்பார்கள். அந்தத் தொழிலுக்குப் போன் வேண்டும். ஒழுகுகிற மெஷினைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். புது மாடலை எந்தப் பக்கம் திறப்பது என்று வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே வாட்ஸப் இருக்கலாம், வீடியோ இருக்கலாம், ஃபேஸ்புக் மட்டும் கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நோன்புக் கணக்கில் வராது என்று பங்குச் சாமியாரே சொல்லியிருக்கிறார் அல்லவா? அதனால் ஞாயிறு மட்டும் பார்க்கலாம் என்று ஓர் உட்பிரிவும் சேர்த்தார்.

வார நாட்களில் கை அரித்தது. பழுது பார்த்த மெஷினை ஒருமுறை முழுதாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரம் ஃபேஸ்புக்கில் போய்விடும். இப்போது அந்நியர் வீட்டுக் குளியலறையில், கவிழ்த்த வாளியின் மேல், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. சும்மா இருக்க அந்தக் கைகளுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டார். இன்னொரு வீட்டில், நடக்க முடியாத பெரியவரின் சக்கர நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு பிரேக்கைச் சரி செய்தார். அதையெல்லாம் வீட்டில் வந்து புண்ணியமாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னார். “போன் இல்லாம பொழுதே போகல. கண்டவங்க வீட்டு நாற்காலிய எல்லாம் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

மனைவி “ம்” என்பாள். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருப்பாள்.

தனியாக வாழும் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸின் வீட்டில், மெஷின் தண்ணீரை வெளியே தள்ளவில்லை. பம்ப்பைத் திறந்தால் உள்ளே ஜெபமாலை மணிகள். அங்கியின் பையில் மாலை இருந்ததை மறந்து துவைக்கப் போட்டுவிட்டாராம். தன் அம்மா போட்டிருந்த மாலை என்று சொல்லி, அந்த அம்மாள் மணிகளை உள்ளங்கையில் எண்ணிப் பார்த்தார். மெஷின் ஓடியது. மெக்கானிக் வாளியில் உட்கார்ந்தார். பையில் மெல்லிய செம்புக் கம்பி இருந்தது. கூர்மூக்குக் குறடு ஒன்றை எடுத்தார். வாய் தன்பாட்டில் முணுமுணுக்க, ஒவ்வொரு மணியாகக் கோர்த்தார். நர்ஸ் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சகலையின் பக்கத்தைத் திறப்பார். படிக்க மாட்டார். படித்தால் தோற்றதாகிவிடும். கீழே எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பார். வாரத்துக்கு வாரம் அது ஏறிக்கொண்டே போனது. பார்க்கும்போதே பின்னூட்டங்களும் கண்ணில் பட்டன. அவற்றில் ஊரே உருகியது. ‘நீங்கள் எழுதுகிற அந்த ஆள், இப்படியும் ஒரு மனிதரா!’ என்று ஒருவர். ‘இவரைக் கட்டிக்கொண்டவள் கொடுத்துவைத்தவள்’ என்று இன்னொருவர். அதற்குக் கீழே ஒரே ஒரு இதயம் போட்டிருந்தது அவருடைய மனைவி.

அவருக்குக் காதில் புகை வந்தது.

“யார் அந்த ஆளு?” என்று மனைவியிடம் கேட்டார்.

“எந்த ஆளு?”

“சகலை எழுதறாரே. இதயமெல்லாம் போட்டிருக்கியே.”

“ஓ, அவரா. படிக்கலையா நீங்க? தவக்காலம் ஆரம்பிச்சதுலேருந்து அவரப் பத்தித்தான் எழுதறாரு. ரொம்ப நல்ல மனுஷன்.”

“உனக்குத் தெரியுமா அவன?”

“தெரியும்” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான புதிதில் பார்த்தது.

அதுவரை ஒரு சகலையோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு, இப்போது முகம் தெரியாத இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். அவன் யார், எந்தத் தெரு, மனைவிக்கு எப்படிப் பழக்கம்? படித்தால் தெரிந்துவிடும். போனைக் கையில் எடுப்பார். அவனை இவள் புகழ்வது போதாதென்று நானும் உட்கார்ந்து படிக்கவேண்டுமா என்று வீம்பு வரும், வைத்துவிடுவார். வேலையில் கவனம் போனது. ஒரு வீட்டில் ரப்பர் வளையத்தைத் தலைகீழாகப் பொருத்திவிட்டுத் திரும்பப் போய்ச் சரி செய்தார். அவள் மனதில் தன் இடம் போய்விட்டது என்றே அவர் நம்பினார். அந்த எரிச்சல் பால் குடித்தும் அடங்கவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமியார், “நேத்து எழுதினத வாசிச்சுக் காட்டுங்க மாப்பிள்ளை. எனக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து தெரியல” என்றார். மெக்கானிக் எழுந்து குழாயைப் பார்க்கப் போனார். அன்று பார்த்து அது ஒழுகவில்லை. வேறு வழியின்றித் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சகலை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“எனக்குத் தெரிந்த அந்த மனிதரைப் பற்றி மீண்டும். அன்று ஒரு தாயாரின் அறுந்துபோன ஜெபமாலை அவர் கைக்கு வந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் பம்ப்புக்குள்ளிருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, செம்புக் கம்பியில் கோர்த்தார்...”

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஓரம் மட்டும் துடித்தது. அவர் வீட்டில் வந்து புலம்பியதையெல்லாம் இவள் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள், தங்கை புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். கதவு, நாற்காலி, எல்லாம் போயிருக்கிறது. இத்தனை வாரமாக அவர் குடலைக் குடைந்தெடுத்த அந்த ஆள் அவரேதான்.

நெஞ்சில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. அது அடுத்த வரி வரைக்கும்தான்.

“வாசலில் நின்று பார்த்த அம்மா கோயிலில் சொன்னார்: ஒவ்வொரு மணி கோர்க்கும்போதும் அவர் உதடுகள் அசைந்தன. மணிக்கு மணி ஜெபம் சொல்லிக்கொண்டே கோர்த்தார்.”

மாமியார் விசும்பினார். கொழுந்தியாள் மூக்கை உறிஞ்சினாள். “நம்ம மூத்த மாப்பிள்ளைதான் அத்தை அது” என்று சகலை சொல்ல, எல்லோருடைய கண்ணும் அவர் மேல் வந்து நின்றது.

மெக்கானிக்குக்கு அந்தக் குளியலறை அப்படியே ஞாபகம் வந்தது. முதல் மணிக்கு, நீட்டி முழக்குகிற பயல். அடுத்த மணிக்கு, ஊரை ஏமாற்றுகிறவன். அதற்கடுத்த மணிக்கு, இவன் நாக்கு அழுகாதா. இடையில் பெரிய மணி வந்தபோது சொன்னதை இங்கே எழுத முடியாது. மாலை முழுவதும், ஒரு மணி விடாமல், அவர் சகலையைத்தான் திட்டித் தீர்த்திருந்தார்.

கிளம்பும்போது சகலை வாசல்வரை வந்தார். “ஒண்ணு சொல்லட்டுமா சகலை? எங்க வீட்ல தெனமும் அக்கா வீட்டுக்காரரப் பாருங்க, அக்கா வீட்டுக்காரரப் பாருங்கன்னு ஒரே பாட்டு. பொறாமையா இருக்கு. நான் வெறும் எழுத்துதானே?” என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவர் இத்தனை வருடம் காத்திருந்தார். கேட்டுவிட்டு, குனிந்து செருப்பைத் தேடினார்.

தெருவில் மனைவியும் அவரும் நடந்தார்கள். கடைகள் மூடியிருந்தன, வெயில் தாழ்ந்திருந்தது.

“என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் அவர்.

“சொல்லியிருந்தா நீங்க அப்புறம் காட்டறதுக்குன்னே செய்வீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?” கொஞ்ச தூரம் போனபின் அவளே கேட்டாள். “அன்னைக்கு என்ன ஜெபங்க சொன்னீங்க?”

அவர் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவள் அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்படியில் சாய்ந்து போனைப் பார்க்கிற அதே முகத்தோடு.

“வழக்கமா சொல்றதுதான்” என்றார்.

நடுத்தெரு என்றும் பாராமல் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பல வருடமாக அவள் அப்படிச் செய்ததில்லை. அவள் பிடித்திருந்தது மணிக்கு மணி ஜெபம் சொன்ன அந்த ஆளின் கையை. பக்கத்தில் நடந்துகொண்டே மெக்கானிக் அவனை நினைத்து வயிறு எரிந்தார்.